பஸ் வீட்டு ஆர்க்கிடெக்ட்

பாண்டுரங்கன் செல்போனை என் மேசைமேல் வைத்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திண்டிவனத்தில் அலுவலகம் திறந்த நாளிலிருந்து இந்தப் படத்தை எத்தனையோ பேருடைய செல்போனில் பார்த்தாகிவிட்டது. வெயிலில் எடுத்தது, மழையில் எடுத்தது, குடும்பத்தோடு வாசலில் நின்று சிரித்தபடி எடுத்தது. எல்லாவற்றிலும் அதே பச்சை பஸ். பஸ்ஸின் முன்பக்கம் மட்டும். சரிவாக இரண்டு பெரிய கண்ணாடி, அவற்றுக்குக் கீழே இரண்டு உருண்டை விளக்கு, காது மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு இரண்டு கான்கிரீட் துண்டு, நெற்றியில் ஊர்ப் பலகை. பலகையில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சங்கவி இல்லம்’ என்று எழுதியிருக்கும். அது பஸ் இல்லை, வீடு. விழுப்புரத்தில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் அப்பாவின் வீடு. சங்கவி என்பது நான்தான்.

“இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க மேடம்,” என்றார் பாண்டுரங்கன். “ஆனா பஸ்ஸு வேணாம். நமக்கு லாரி.”

அவர் லாரி வைத்துப் பிழைக்கிறவர். மல்லாட்டை மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க அவர் வண்டிகள் ஓடுகின்றன. அவர் கேட்டது அவருக்கு நியாயம்தான். பஸ்ஸில் சம்பாதித்தவர் பஸ் கட்டிக்கொண்டார், லாரியில் சம்பாதிக்கிறவர் லாரி கட்டிக்கொள்ளக் கூடாதா? நான் வழக்கம்போலப் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மனை எந்தத் திசை பார்த்திருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வரும், மதிய வெயில் எந்தச் சுவரைக் காய்ச்சும் என்றெல்லாம் பேசினேன். அவர் கடைசிவரை மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, ஸ்டெப்னி எங்கே வரும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. எழுந்து போகும்போது மட்டும் என் பக்கம் குனிந்து, லாரியோ கப்பலோ எதையோ கட்டட்டும், சமையல்கட்டில் புழுங்கிச் சாகாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டை நான் டிசைன் செய்யவில்லை என்று பாண்டுரங்கனிடமும் சொன்னேன். எல்லோரிடமும்தான் சொல்கிறேன். யாராவது நம்பினால்தானே? அவர் சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினார். வாசல் தூணில் பதித்த கருங்கல் பலகை. அதில் தங்க நிற எழுத்தில், ‘வடிவமைப்பு: ஆர்க்கிடெக்ட் ச. சங்கவி, பி.ஆர்க்.’ கல்லிலேயே வெட்டியிருக்கிறது, இந்தப் பெண் இல்லை என்கிறாளே, என்ன அடக்கம் பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது ஒன்றாவது. எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் இந்த ஊரில் ஆர்க்கிடெக்ட் என்றால் என்னவென்று விளங்க வைப்பதே பெரும்பாடு. இன்ஜினியருக்கு மேலா கீழா என்று கேட்பார்கள். நீங்கள் எழுதிப் பாஸானால் இன்ஜினியர் ஆகிவிடலாமா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்திருக்கிறார். வருகிற வேலையும் அப்படித்தான். கல்யாண மண்டபத்துக்கு மேல் ஒரு மாடி, மெடிக்கல் ஷாப்புக்குக் கண்ணாடி முகப்பு, வாஸ்துக்காரர் திருப்பிப் போட்ட படிக்கட்டை மறுபடி திருப்பிப் போடுவது. நடுவில் என் மனசுக்குப் பிடித்துச் செய்தது என்றால் பொம்மையார்பாளையத்தில் கடற்கரை ஓரமாக ஒரு விருந்தினர் விடுதி. பூசாத செங்கல், பெரிய தாழ்வாரம், ஃபேன் போடாமலே தூங்கலாம். அதைப் பார்த்துவிட்டு அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் விடுதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், விழுப்புரத்து பஸ் வீடு நீங்கள் செய்ததுதானாமே, எனக்குப் படகு மாதிரி ஒரு வீடு வேண்டும் என்றார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் அப்பா சக்கரபாணி. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே அவருக்குத் தெரியாத மனிதர் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பாஸ் இருக்கிறது, சீட்டும் காலியாக இருக்கும், ஆனால் பஸ்ஸில் உட்கார மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று, எம்பொண்ணு ஆர்க்கிடெக்டு என்று ஆரம்பித்தாரானால் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பஸ் முழுக்க என் போன் நம்பரைக் குறித்துக்கொள்ளும். பேப்பரில் விளம்பரம் கொடுத்தால்கூட இத்தனை பேர் வரமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் என் தலையெழுத்து.

அவர் வீடு கட்டும்போது நான் பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் ராத்திரி பகலாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முதல் முதலாக எனக்கென்று ஒரு வீடு கிடைத்தது, அதுவும் சொந்த அப்பாவின் வீடு. விடுவேனா? காற்றுக்கு நடுவில் ஒரு முற்றம், கிழக்கே பார்த்த சமையலறை, பூசாத செங்கல் சுவர், எல்லாம் வரைந்து அனுப்பினேன். ரொம்ப நல்லா இருக்குது பாப்பா என்றார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டபோதெல்லாம் அருமையாகப் போய்க்கினு இருக்குது என்றார். போட்டோ அனுப்பச் சொன்னால் போனில் கேமரா சரியில்லை என்றார். கிரகப்பிரவேசத்துக்கு வந்து ஆட்டோவில் இறங்கியபோது, டிரைவர் டெப்போவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். மேஸ்திரி சவுரிராயன் புது வேட்டி கட்டிக்கொண்டு எதிரில் வந்து, பாப்பா போட்ட பிளானை அப்படியே வைத்து, கொஞ்சமே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கிறோம் என்றார். அன்றைக்கு சாயங்காலம் குடித்துவிட்டு வந்த ஒருவர் வாசலில் நின்றுகொண்டு இது செஞ்சி போகுமா என்று விடாமல் கேட்டார். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அதோடு அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். பிறகு கல்யாணமாகி, என் கணவர் தேவாவுக்கு திண்டிவனத்தில் வேலை என்பதால் இங்கே வந்து அலுவலகம் போட்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விழுப்புரம் போனால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்த் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவேன். அப்படியே காலம் ஓடியிருக்கும். இருதயமேரி மேடம் மட்டும் போன் செய்யாமல் இருந்திருந்தால்.

அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள். யாரோ விடுதியைப் பார்த்துவிட்டுச் சொல்லி, என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இடத்தைப் போய்ப் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஜன்னல் வாத்தியார் உயரத்துக்குத்தான் இருக்கும். உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வானமும் தெரியாது, மரமும் தெரியாது, முன்னால் உட்கார்ந்திருப்பவனின் சட்டைக் காலர்தான் தெரியும். நான் பிள்ளையின் கண் உயரத்துக்கு ஜன்னல் வைக்கப் போகிறேன். வகுப்புக்கு ஒரு தாழ்வாரம் வைக்கப் போகிறேன். பருப்பைத் தாளித்துக்கொண்டே மனசுக்குள் கூரை போடுவேன். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். வேலையாக வேண்டும் என்பதில்லை, பசிக்கிற மாதிரி வேண்டும். இந்த ஊரில் நான் யார் என்று எனக்கே ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும்.

அறக்கட்டளைக் கமிட்டியின் பட்டியலில் என் பெயரோடு இன்னொருவர் பெயரும் இருந்தது, அவர் சென்னைக்காரர். இரண்டு பேர் கட்டிய கட்டடங்களையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்கள். நான் விடுதியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் புதன்கிழமை இருதயமேரி மேடம் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார். தாம் விழுப்புரத்திலிருந்து கிளம்புவதால் முதலில் அங்கே இருக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு, பிறகு பொம்மையார்பாளையம் போகலாம் என்றார்.

“எந்த வீடு மேடம்?” என்றேன்.

“உங்க வீடுதாம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்குதாமே. ஒரு பெரியவர் பஸ்ல சொன்னாரு.”

பெரியவர் யார் என்று கேட்கவில்லை. தேவாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். தட்டியதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

மறுநாளே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வீடு இருந்துவிட்டுப் போகட்டும், அதை இடிக்கவா முடியும்? அந்தக் கல்லை மட்டும் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். கல் இல்லையென்றால் அது யாரோ கட்டிய பஸ். நான் பாட்டுக்கு, எங்கள் அப்பா ஆசைக்குக் கட்டிக்கொண்டது என்று சிரித்துச் சமாளித்துக்கொள்வேன்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துபோய், உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கோவிந்தம்மாள் கேப்பை மாவு பிசைந்த கையோடு வந்தாள். அடை சுடப் போகிறாளாம். நான் உட்காரக்கூட இல்லை. ஒத்திகையெல்லாம் பறந்துபோக, எடுத்த எடுப்பில் கல்லை எடுக்கச் சொன்னேன். அப்பாவுக்குப் புரியவில்லை. எழுத்து மங்கிவிட்டதா, புதுசாகப் பெரிய கல் வைத்துவிடலாமா என்றார். பெரிய கல்லா! எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ, இத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. பாண்டுரங்கனின் ஸ்டெப்னியிலிருந்து படகுக்காரர்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் இந்த வீட்டைப் பார்த்தால் அந்த வேலை போய்விடும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“இந்த வூட்டுல எம்பேரைப் பாத்தா எனக்கு அசிங்கமா இருக்குதுப்பா,” என்றேன்.

பஸ் நிறைய ஜனத்தை ஒரே குரலில் அடக்குகிற அப்பா, எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். அம்மா மாவுக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னலுக்கு எதிரில் நிறுத்தினாள். வேறு எதை மாற்றினாலும் இதை மாற்றவிடவில்லை, என் பொண்ணு கிழக்கே போட்டிருக்கிறாள், கிழக்கேதான் இருக்கணும் என்று மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றது யார் தெரியுமா என்று கேட்டாள். அதே மனுஷன்தான், செங்கல்லைப் பூசாமல் விட்டால் சொந்தக்காரர்கள் பணம் பத்தவில்லையா என்று கேட்பார்களே என்று தூக்கம் வராமல் கிடந்தாராம். உன்கிட்ட சொல்ல பயந்துகினு கெடந்தாரு என்றாள். அந்த ஜன்னலில் நல்ல காற்று வந்தது. இருந்தாலும் எனக்குக் கோபம் இறங்கவில்லை.

நான் கிளம்பும்போது அப்பா தெருமுனைவரை கூடவே வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்புகிற இடத்தில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வர்றவங்களுக்கு எந்த மாதிரி வீடு பிடிக்கும் பாப்பா என்று கேட்டார்.

“செங்கல்லு தெரியணும்,” என்று வெடுக்கென்று சொன்னேன். “பூச்சு, டிசைனு, பச்சை பெயின்ட்டு எதுவும் கூடாது. செங்கல்லு செங்கல்லா தெரியணும். அதான் புடிக்கும்.”

அவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எனக்கு விடுதியின் படங்களைச் சரிபார்ப்பதிலேயே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வருவதற்கு முன்பே போய், எப்படியாவது அவர்களை வாசலிலேயே மடக்கி காரில் ஏற்றிவிடுவது என்று திட்டம் போட்டிருந்தேன். தெருவுக்குள் நுழைந்தபோது எனக்கு வீடு தெரியவில்லை. பச்சை பஸ்ஸைத் தேடிக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தேன். ஏணி தெரிந்தது. ஏணிமேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் அப்பா தெரிந்தார். அவருக்கு முன்னால் பஸ் இருந்தது. பச்சை இல்லை, செங்கல் பஸ்.

கண்ணாடிக்குக் கீழே, விளக்கைச் சுற்றி, காதுவரை, நெற்றிப் பலகைவரை எல்லாம் செங்கல் நிறம். அதன்மேல் வெள்ளை பெயின்ட்டால் கட்டம் கட்டமாகக் கோடு. பாதி முடிந்திருந்தது, மீதியை அவர் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டிருந்தார். பெயின்டர் நேற்றுவரை வந்தான், இன்றைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான், பேஜாரு புடிச்சவன் என்று ஏணியிலிருந்தே சொன்னார். முழங்கால் வலியோடு ஒரு மனுஷன் விடிந்ததிலிருந்து ஏணியில் நிற்கிறார். முகத்தில் வெள்ளைத் தீற்றல், காதில் செங்கல் நிறம்.

“நல்லா தெரியுதா பாப்பா, செங்கல்லு?” என்றார்.

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கண் வாசல் தூணுக்குப் போய்விட்டது. கல் அங்கேதான் இருந்தது. பெயர்த்தால் தூண் உடைந்துவிடும் என்று மேஸ்திரி சொன்னாராம். அதனால் அப்பா எழுத்தின் மேல் பெயின்டர் பூசுகிற வெள்ளைப் பட்டியை வைத்து மூடி, தேய்த்து மழுப்பியிருந்தார். ‘வடிவமைப்பு’ மட்டும் மிச்சம். அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாத இடம். நான் கேட்டது அதைத்தானே? சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை. ஊர் ஊராக என் பெயரைச் சொல்லித் திரிந்தவர், அதைத் தன் கையாலேயே மூடிவிட்டு, நல்லா தெரியுதா என்று கேட்கிறார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எறங்குப்பா, முதல்ல எறங்கு என்றேன்.

அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது. இருதயமேரி மேடம் இறங்கினார், கமிட்டியில் இருக்கும் இரண்டு பேர் பின்னால் இறங்கினார்கள். மேடம் வெள்ளைப் புடவை, குடை, தடித்த கண்ணாடி. வகுப்பறைக்குள் நுழைவது போலத் தெருவுக்குள் நுழைந்தார். வீட்டை நிமிர்ந்து பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் வேறு வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“இது நீங்க பண்ணதாம்மா?” என்று கேட்டார் மேடம்.

நான் வாயெடுப்பதற்குள் அப்பா முன்னால் வந்து நின்றுகொண்டார். பெயின்ட் கையை வேட்டியில் துடைத்துக் கும்பிட்டார்.

“இல்லீங்க டீச்சரம்மா. எம்பொண்ணு பண்ணது இல்லீங்க. அவ நல்லாத்தான் போட்டுக் குடுத்தா, நான்தான் கேக்காம மேஸ்திரிய வெச்சி இப்டி பண்ணிக்கினேன். அவளுக்கும் இந்த வூட்டுக்கும் சம்பந்தமே கெடையாதுங்க.”

இத்தனை வருஷமாக நான் ஊருக்கெல்லாம் சொன்ன அதே வாக்கியம். என் வாயிலிருந்து வந்தபோது ஒருத்தரும் நம்பாதது. அவர் வாயிலிருந்து வந்ததும் அந்த மூன்று பேரும் நம்பிவிட்டார்கள், முகத்திலேயே தெரிந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். நான் சும்மா நின்றிருந்தால் போதும். ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும், எல்லோரும் காரில் ஏறிக் கடற்கரைக்குப் போயிருப்போம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை.

“பிளான் என்னுது மேடம்,” என்றேன். “முன்பக்கம் எங்க அப்பாவுது.”

சொல்லி முடித்ததும் என் பள்ளிக்கூடம் ஜன்னல் ஜன்னலாகக் கழன்று விழுவது எனக்கே கேட்டது. அப்பா, ஏன் பாப்பா இப்படி என்று முணுமுணுத்தார். மேடம் குடையை மடக்கினார். அவசரமில்லாமல் மடக்கி, பித்தானைப் போட்டார்.

“அப்ப ஸ்கூலுக்கு? நீங்க பண்ணுவீங்களா, அப்பா பண்ணுவாரா?”

“நான்தான் மேடம் பண்ணுவேன். ஆனா அவரு சும்மா இருக்க மாட்டாரு.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். அம்மா அதற்குள் வாசலுக்கு வந்து, வாங்க வாங்க என்று கூட்டிக்கொண்டு போனாள். நேராகச் சமையலறைக்குத்தான் போவாள் என்று தெரியும். அப்பா வாசற்படியில் நின்றுகொண்டார். பழக்கம் போகுமா? மாடியில முன்னாடி எடம் இருக்குதுங்க, உள்ள போய்க்கினே இருங்க, வாசல்ல நிக்காதீங்க என்று அவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போகவில்லை. போய் முற்றம் இருந்திருக்க வேண்டிய இடத்தையும், மேஸ்திரி அட்ஜஸ்ட் செய்த இடத்தையும் விளக்க எனக்குத் தெம்பில்லை. வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குள் வேறு ஒரு எரிச்சல் கிளம்பியது. அப்பா கணக்கு நோட்டுக் கட்டம் போல மேலிருந்து கீழே நேர் நேராகக் கோடு இழுத்து வைத்திருந்தார். ஒரு செங்கல்லின் இணைப்புக்குமேல் அடுத்த செங்கல்லின் இணைப்பு. அதற்குமேல் அடுத்தது. உலகத்தில் எந்தச் சுவரையாவது இப்படிக் கட்டுவார்களா? கீழ் வரிசையில் இரண்டு கல் சேருகிற இடத்துக்குமேல் ஒரு முழுக் கல்லின் நடுவயிறு வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். இப்படி அடுக்கினால் நிஜச் சுவராக இருந்தால் ஒரு மழைக்குத் தாங்காது, பிளந்துகொண்டு விழும். கல்லூரியில் முதல் மாதம் சொல்லிக் கொடுப்பது இது. பெயின்ட் செங்கல்தானே, விழவா போகிறது என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். முடியவில்லை. கை நமநமவென்றது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். செங்கல் நிற டப்பா ஒரு கொக்கியில், வெள்ளை டப்பா ஒரு கொக்கியில் தொங்கின. தப்பான கோட்டைச் செங்கல் நிறத்தால் அழித்தேன். கல்லின் நடுவைக் கண்ணால் அளந்து புதுசாக வெள்ளைக் கோடு இழுத்தேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. அப்பா ஓடிவந்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பாப்பா பண்ற? நல்லாத்தான இருந்துச்சி?”

“கட்டு தப்புப்பா. ஜாயின்ட்டு மேல ஜாயின்ட்டு வரக் கூடாது.”

அவர் அண்ணாந்து பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். அப்புறம், அப்பன்னா அந்தக் கடைசியிலயும் மாத்தணும் என்று விரலால் காட்டினார். காட்டிவிட்டு, ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எதிர் வீட்டுக்காரர் ஒருவர் இது எந்த மாதிரி டிசைனு என்று விசாரிக்க, அப்பா என் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். மேலே பார்த்தார். சொல்லுப்பா, பரவால்ல என்றேன். அவர் சொன்ன சத்தம் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும்.

மாடியில் காலடிச் சத்தம் வந்தது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேரும் வந்து நின்றார்கள். கமிட்டிக்காரர்கள் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார்கள். வீடு இப்போது கிளம்பிவிடும் போலிருந்தது. இருதயமேரி மேடம் டிரைவர் பக்கம் நின்றார். அங்கே பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்து தலையை நீட்டினார். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது. அவருடைய மூக்குக்கண்ணாடியில் செங்கல் நிறமாக நானும் ஏணியும் தெரிந்தோம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பிரஷ்ஷைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் நான் போட்ட கோடுகளை வரிசை வரிசையாகக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தார், பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிறவர் பார்ப்பது போல. ஒரு இடத்தில் நின்றார். ஜன்னலிலிருந்து கையை நீட்டி, விளக்குக்குப் பக்கத்தில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு மூலையை விரலால் சுட்டிக் காட்டினார். குனிந்து பார்த்தேன். அங்கே இரண்டு கோடு நேராக ஒன்றன்மேல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் பிரஷ்ஷைச் செங்கல் நிற டப்பாவில் தோய்த்தேன். அவர் விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.